ஹாஜி முஹம்மது முஹ்ஸின்: தலைமுறைகளைக் கரையேற்றிய வக்ஃபு

 

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இவ்வாண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டும்போது ஒரு கேள்வியை நாம் அனைவரும் உள்ளத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். நாம் வழங்கும் உதவி ஓர் ஏழைக் குடும்பத்தின் இன்றைய பசியைத் தீர்ப்பதோடு நின்றுவிடுகிறதா, அல்லது அக்குடும்பத்தின் பிள்ளைகள் நாளை உதவி நாடி நம் வாசலில் வந்து நிற்க வேண்டிய நிலையையே மாற்றுகிறதா?

ரமளான் இறுதியில் ஃபித்ரா அரிசி பெற நிற்கும் வரிசையை உற்று நோக்குவோர்க்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். முன்னர்த் தாய் நின்ற இடத்தில் இப்போது மகள் நிற்கிறாள். அவளது கையைப் பிடித்துக்கொண்டு பேரக் குழந்தையும் நிற்கிறது. வறுமையும் ஒரு சொத்தைப் போலவே வாரிசுகளுக்குப் போய்ச் சேருகிறது. தந்தையின் கடனை அடைக்க மகன் பள்ளிப் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகிறான். படிப்பில்லாத அவனுக்குத் தந்தை பெற்ற கூலிக்கு மேல் கிடைப்பதில்லை. அவனுடைய மகனுக்கும் அதே நிலை வந்து சேருகிறது. இந்தச் சங்கிலியை ஏதேனும் ஓரிடத்தில் ஒருவர் அறுத்துவிட வேண்டும்.

அவ்வாறு அறுப்பதற்குத் தம் செல்வம் முழுவதும் பயன்படும் வண்ணம் அதை இறைவழியில் விட்டுச் சென்ற ஒரு பெருமகனாரின் வாழ்வையும், அவர் மறைவுக்குப் பின் அந்தச் செல்வத்துக்கு நேர்ந்தவற்றையும் இக்கட்டுரையில் காண்போம். அவர்தாம் வங்காளத்தின் ஹாஜி முஹம்மது முஹ்ஸின். முஹ்ஸின் என்னும் அரபுச் சொல்லுக்கு நன்மை செய்பவர் என்பது பொருள். பெயருக்கேற்ப வாழ்ந்தவர் அவர்.

ஹூக்ளியில் பிறப்பும் வளர்ப்பும்

கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கையின் கிளையாகிய ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் அமைந்த பழம்பெரும் துறைமுக நகரம் ஹூக்ளி. கல்கத்தா வளர்ந்து ஓங்குவதற்கு முன்னர் வங்காளத்தின் கடல் வணிகம் பெரும்பாலும் இவ்வூர் வழியாகவே நடைபெற்றது. முகலாய அரசின் அதிகாரிகளும், ஈரான் நாட்டிலிருந்து வந்த வணிகர்களும், ஐரோப்பிய வணிகர்களும் அங்குக் குடியேறி வாழ்ந்தனர்.

அவ்வாறு குடியேறிய ஈரானிய வணிகக் குடும்பம் ஒன்றில் 1732ஆம் ஆண்டில் முஹ்ஸின் பிறந்தார். தந்தையார் ஹாஜி ஃபைசுல்லாஹ். தாயார் ஸைனப் கானம். அம்மையார் முதலில் ஆகா முதஹ்ஹர் என்னும் பெருஞ்செல்வரை மணந்திருந்தார். அவருக்கு ஜெஸ்ஸூர் பகுதியில் பரந்த நிலங்கள் இருந்தன. ஆகா முதஹ்ஹருக்கு ஒரே மகள். பெயர் மன்னுஜான் கானம். தம் சொத்துகள் முழுவதையும் மகளுக்கே விட்டுவிட்டு அவர் மறைந்தார். அதன் பின்னரே அம்மையார் ஹாஜி ஃபைசுல்லாஹ்வை மறுமணம் செய்து முஹ்ஸினைப் பெற்றெடுத்தார்.

ஆகவே மன்னுஜானும் முஹ்ஸினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மன்னுஜான் வயதில் மூத்தவர். அக்காவும் தம்பியும் ஒரே இல்லத்தில் வளர்ந்தனர். சொத்துக்காக உடன்பிறந்தோர் முறைத்துக்கொள்ளும் காலத்தில் வாழும் நமக்கு இவ்விருவரின் பாசம் ஒரு பாடமாகும். அக்காவின் செல்வத்தின் மீது தம்பி கண்வைக்கவில்லை. தம்பியைத் தவிர வேறெவர் கையிலும் அச்செல்வத்தை ஒப்படைக்க அக்காவுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. பின்னாளில் உருவான மாபெரும் அறக்கொடைக்கு வித்தாக அமைந்தது இந்தச் சகோதர நேசமே.

முஹ்ஸின் ஹூக்ளியில் தொடக்கக் கல்வி பயின்றார். திருக்குர்ஆன், அரபு, பார்சி மொழிகள், மார்க்க நூல்கள் ஆகியவற்றைக் கற்றார். மேற்கல்விக்காக அக்காலத்தில் வங்காளத்தின் தலைநகராயிருந்த முர்ஷிதாபாத்துக்குச் சென்றார். பின்னர் நெடும் பயணம் மேற்கொண்டு ஈரான், இராக், அரபுத் தீபகற்பம் முதலிய நாடுகளைச் சுற்றிவந்தார். புனித ஹஜ்ஜை நிறைவேற்றினார். இப்பயணம் பல்லாண்டுகள் நீடித்தது. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார்.

வங்காளத்தின் அன்றைய நிலை

ஹாஜி முஹ்ஸினின் கொடை எத்தகைய காலத்தில் எழுந்தது என்பதை அறிந்தால்தான் அதன் அருமை புலப்படும். 1757இல் பிளாசிப் போர் நடந்தது. 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1770இல் கொடும் பஞ்சம் தாக்கியது. வங்காள மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதில் மடிந்தனர் என்பது அக்கால அதிகாரிகளின் மதிப்பீடு. மக்கள் செத்துக்கொண்டிருந்த வேளையிலும் கம்பெனியின் வரி வசூல் ஓயவில்லை.

1793இல் கம்பெனி அரசு நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. வரி வசூலித்துக் கொடுக்கும் ஜமீன்தார்கள் நிலத்தின் உடைமையாளர்கள் ஆக்கப்பட்டனர். உழுது பயிரிட்டவர்கள் குத்தகைக்காரர்களாகவே நின்றனர். கிழக்கு வங்காளத்தில் அவ்வாறு உழுதவர்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள். படித்த முஸ்லிம் குடும்பங்களும் தப்பவில்லை. படைத்துறை, வரித்துறை, நீதித்துறை என அவர்கள் நம்பியிருந்த உத்தியோகங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. நீதிமன்றங்களில் வழங்கிவந்த பார்சி மொழி 1837இல் நீக்கப்பட்டபோது அம்மொழியைக் கற்றுப் பிழைத்தவர்களின் வாழ்வும் சரிந்தது.

இவ்வாறு, கீழே இருந்தவர்கள் மேலே வர வழியில்லாமலும், மேலே இருந்தவர்கள் கீழே இறங்கியும், ஒரு சமுதாயமே வறுமையைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்ற காலம் அது.

அக்கா விட்டுச் சென்ற அமானிதம்

மன்னுஜான் கானத்தின் கணவர் மிர்ஸா ஸலாஹுத்தீன் ஹூக்ளியில் அரசு அதிகாரியாக இருந்தவர். அவர் காலமான பின் பிள்ளைச் செல்வமில்லாத அம்மையார் தனியராக நின்றார். ஆயினும் மனம் தளரவில்லை. ஜெஸ்ஸூர் பகுதியின் சையித்பூர் எஸ்டேட் உள்ளிட்ட பரந்த நிலங்களைத் தாமே நிர்வகித்தார். பயணங்களை முடித்துத் தாயகம் திரும்பிய தம்பி, அக்காவுக்குத் துணையாக நின்றார். 1803இல் அம்மையார் மறைந்தார். சொத்துகள் முழுவதும் தம்பிக்கு வந்து சேர்ந்தன.

அப்போது முஹ்ஸினுக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. மனைவி மக்கள் இல்லை. அனுபவிக்க ஆளில்லாத பெருஞ்செல்வம் முதுமையில் வந்து சேர்ந்தது. அவரோ எளிமையை விரும்பியவர். அழகிய கையெழுத்தில் திருக்குர்ஆனைப் படியெடுப்பதில் தேர்ந்தவர் என்றும், ஏழைகளின் துயரைத் தேடிச் சென்று தீர்த்தவர் என்றும் வங்காள மக்கள் இன்றளவும் அவரை நினைவுகூர்கின்றனர். தமக்கு வந்த செல்வத்தை அவர் தம்முடையதாகக் கருதவில்லை. அல்லாஹ் தம்மிடம் சில காலம் ஒப்படைத்த அமானிதம் என்றே கருதினார் என்பதை அடுத்து அவர் செய்த காரியம் காட்டுகிறது.

1806ஆம் ஆண்டின் வக்ஃபுப் பத்திரம்

1806ஆம் ஆண்டில் ஹாஜி முஹ்ஸின் தம் சொத்துகளை வக்ஃபாக எழுதிவைத்தார். இரண்டு முதவல்லிகளை நியமித்தார். வருமானத்தை ஒன்பது பங்குகளாகப் பிரித்தார். மூன்று பங்குகள் இமாம்பாராவின் பராமரிப்பு உள்ளிட்ட சமயக் காரியங்களுக்கு. நான்கு பங்குகள் ஊழியர் ஊதியம், உதவித் தொகைகள் முதலியவற்றுக்கு. மீதமுள்ள இரண்டு பங்குகள் நிர்வாகம் செய்யும் முதவல்லிகள் இருவருக்கு.

இங்கே ஒன்றைக் கூறுதல் கடமை. ஈரானிய மரபில் வந்த அக்குடும்பத்தாரின் சமயச் சடங்குகளுள் சில நம் வழிமுறையில் இல்லாதவை. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனிதர் தம் உயிர் உடலில் இருக்கும்போதே, உடல் தெளிவும் உளத் தெளிவும் இருக்கும்போதே, தம் பெயரில் ஒரு காணி நிலத்தையும் வைத்துக்கொள்ள விரும்பாமல் இறைவனுக்கென்று எழுதிக்கொடுத்த அந்தத் துணிவில் நம் அனைவருக்கும் பாடம் இருக்கிறது. நாளை கொடுப்போம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம். அந்த நாளை வருவதற்குள் சொத்து வாரிசுகளின் வழக்காகிவிடுகிறது.

பத்திரம் எழுதிய பின் ஆறாண்டுகள் அவர் வாழ்ந்தார். 1812ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், ஹூக்ளியிலேயே இறையடி சேர்ந்தார். அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

நம்பிக்கைக்கு நேர்ந்த சோதனை

மனிதர் மறைந்தார், வக்ஃபு நின்றது. ஆனால் நினைத்தது நினைத்தபடி நடந்துவிடவில்லை. நம் ஜமாஅத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவேயாகும்.

முதவல்லிகளின் நிர்வாகம் சீராக இல்லை. கணக்குகளில் குழப்பம் நேர்ந்தது. ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் வேறு வழிகளில் போனது. அறக்கொடைகளை மேற்பார்வையிட 1810ஆம் ஆண்டின் சட்டம் கம்பெனி அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதனைப் பயன்படுத்தி அரசின் வருவாய்த் துறை தலையிட்டது. முதவல்லிகள் நீக்கப்பட்டனர். அதனை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவ்வழக்கு லண்டன் மாநகரின் பிரிவி கவுன்சில் வரை சென்று 1835இல்தான் முடிவுற்றது.

கொடையாளர் மறைந்து அப்போது இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்தபோது பிறந்த ஓர் ஏழைக் குழந்தை அதற்குள் தந்தையாகியிருப்பான். அவனுடைய பிள்ளைப் பருவம் முழுவதும் அவனுக்கு உதவியிருக்கக்கூடிய பணம் வழக்கு மன்றங்களிலும் அரசுக் கருவூலத்திலும் முடங்கிக் கிடந்தது. கணக்கில் நேரும் குழப்பத்தை நாம் சிறிய பிழையாக எண்ணுகிறோம். ஒரு தலைமுறையின் கல்வியையே அது விழுங்கிவிடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

கல்லூரி எழுந்தது, பிள்ளைகள் எங்கே?

வழக்கு நடந்த காலத்தில் செலவிடப்படாத வருமானம் திரண்டு பல லட்சம் ரூபாயாகச் சேர்ந்திருந்தது. நீக்கப்பட்ட முதவல்லிக்குரிய பங்கும் அரசின் வசம் இருந்தது. அதனைக் கொண்டு கல்லூரி ஒன்றை நிறுவ அரசு முடிவு செய்தது. 1836ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் ஹூக்ளிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஹூக்ளி முஹ்ஸின் கல்லூரி என்று இன்று வழங்குவது அதுவே. வங்காள இலக்கியத்தின் பெரும்புகழ் எழுத்தாளர் பங்கிம் சந்திர சட்டர்ஜி பயின்றதும் இங்கேதான். அனைத்துச் சமயத்துப் பிள்ளைகளும் அதில் கற்றுப் பயனடைந்தனர். அது மகிழத்தக்கதே, கல்வியென்னும் நீரூற்றில் எவர் தாகம் தீர்த்தாலும் தோண்டியவருக்கு நன்மையுண்டு.

ஆயினும் கல்லூரியின் ஆங்கிலப் பிரிவில் முஸ்லிம் மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர். காரணம் என்ன? கதவு திறந்தே இருந்தது. ஆனால் அந்தக் கதவு வரை நடந்து வரும் வழி ஏழைப் பிள்ளைக்கு இல்லை. கிராமத்து உழவனின் மகன் கல்லூரிக்கு வர வேண்டுமானால் அதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் வேண்டும். ஊரை விட்டு வந்து தங்க இடம் வேண்டும். மகனின் கூலியை இழந்தும் அடுப்பு எரிய வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கும் அப்போது ஏற்பாடு இல்லை.

மற்றொரு காரணத்தையும் ஓர் ஆலிம் என்ற முறையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்து உலமாக்களில் பலர் ஆங்கிலக் கல்வியை ஐயத்துடன் நோக்கினர். மார்க்கக் கல்விக்கு இடமளிக்காத பள்ளிகளில் பிள்ளைகள் ஈமானை இழந்துவிடுவர் என்று அஞ்சினர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு மாற்று வழி காணாமல் தடுப்பதோடு நின்றதால் இழப்பு ஏழைகளுக்கே நேர்ந்தது.

இதே காலத்தில் ஹூக்ளியில் புதிய இமாம்பாரா எழுந்தது. ஜவ்ன்பூரைச் சேர்ந்த சையித் கராமத் அலி அப்போது முதவல்லியாக இருந்தார். 1841இல் தொடங்கிய கட்டடப் பணி 1861இல் நிறைவுற்றது. நதிக்கரையில் உயர்ந்து நிற்கும் இரட்டைக் கோபுரங்களும், அவற்றிடையே அமைந்த பெரிய கடிகாரமும் இன்றும் காண்போரைக் கவருகின்றன. கராமத் அலி கல்வியில் சிறந்தவர், இளைஞர்களை ஊக்குவித்தவர். ஆயினும் இருபதாண்டுகள் கட்டடம் உயர்ந்த அதே காலத்தில் அவ்வட்டாரத்துக் குடிசைகளில் எத்தனை பிள்ளைகள் எழுத்தறியாமல் வளர்ந்தனர் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. கொடுப்போரின் மனமும் எளிதில் அவற்றை நாடுகிறது. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

1873: திசை திரும்பிய ஆண்டு

இந்நிலையை மாற்றச் சமுதாயத்திலிருந்தே குரல் எழுந்தது. கல்கத்தா மதரஸாவில் பயின்று அரசுப் பணியில் உயர்ந்த நவாப் அப்துல் லத்தீஃப், 1863இல் முஹம்மதிய இலக்கியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஹாஜி முஹ்ஸினின் நிதி முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்று இடைவிடாது வலியுறுத்தினார். ஆங்கில அதிகாரியான வில்லியம் ஹண்டரும் 1871இல் இந்திய முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில், இந்த வக்ஃபு அதன் நோக்கத்திலிருந்து திருப்பப்பட்டதைக் கண்டித்தார்.

1873இல் வங்காள அரசு தன் முடிவை மாற்றியது. ஹூக்ளிக் கல்லூரியின் செலவை அரசே ஏற்றுக்கொண்டது. விடுபட்ட முஹ்ஸின் நிதி முஸ்லிம்களின் கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 1874இல் டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய மூன்று ஊர்களில் அந்நிதியிலிருந்து மதரஸாக்கள் நிறுவப்பட்டன. அரசுப் பள்ளிகளில் பயின்ற முஸ்லிம் மாணவர்களின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிதியே செலுத்தியது. அரபு, பார்சி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஊதியம் அளித்தது. சிறந்த மாணவர்களுக்கு உதவித் தொகை வழங்கியது.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். முன்பு பணம் ஒரு கட்டடத்துக்குப் போனது. இப்போது பிள்ளையின் கையைத் தேடிப் போனது. முன்பு ஒரே ஊரில் குவிந்திருந்தது. இப்போது முஸ்லிம் ஏழைகள் மிகுதியாக வாழ்ந்த கிழக்கு வங்காளத்துக்குப் பரவியது. பள்ளியில் அரபும் பார்சியும் கற்பிக்கப்பட்டதால் பெற்றோரின் அச்சம் குறைந்தது. கட்டணம் முழுவதையும் நிதியே ஏற்காமல் ஒரு பங்கைப் பெற்றோரிடம் விட்டதால், தம் பிள்ளையைத் தாமே படிக்கவைக்கிறோம் என்னும் தன்மானம் தந்தைக்குக் குன்றவில்லை.

தங்குமிடத்துக்கு வங்காளத்து முஸ்லிம்கள் தாங்களே ஒரு வழி கண்டிருந்தனர். வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழை மாணவனை வசதியுள்ள குடும்பத்தார் தம் இல்லத்தில் தங்கவைத்து உணவளிப்பர். அம்மாணவன் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுப்பான். இதனை ஜாயகீர் என்பர். வக்ஃபு கட்டணத்தைச் செலுத்தியது, மஹல்லாக்காரர் சோறிட்டனர், மாணவன் தான் பெற்ற கல்வியை உடனே பகிர்ந்தளித்தான். அரசோ தனி மனிதரோ மட்டும் செய்ய முடியாததை ஓர் ஊரே சேர்ந்து செய்தது.

விளைந்த பயன்

ஹூக்ளியில் கற்றுயர்ந்தோருள் ஒருவரை மட்டும் இங்கே எடுத்துக்காட்டுவோம். 1849இல் பிறந்த சையித் அமீர் அலி இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். ஹூக்ளியில் கல்வி பயின்று 1867இல் பட்டம் பெற்றார். முதவல்லி கராமத் அலியின் அறிவுச் சபையில் அமர்ந்து மார்க்க வரலாற்றில் தேர்ச்சி பெற்றார். 1890இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1909இல் லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவில் அமர்ந்த முதல் இந்தியராகத் திகழ்ந்தார். ஒரு காலத்தில் முஹ்ஸின் வக்ஃபின் வழக்கு எந்த மன்றத்துக்குச் சென்றதோ, அதே மன்றத்தில் ஹூக்ளி மாணவர் ஒருவர் நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தார்! அல்லாஹ்வின் ஏற்பாடு வியப்புக்குரியது.

ஆனால் நீதிபதியானவரைக் காட்டிலும் நம் சிந்தனைக்கு உரியவர்கள் பெயர் அறியப்படாத மற்றவர்கள். உழவனின் மகன் கிராமப் பள்ளியின் ஆசிரியரானான். ஆசிரியரின் மகன் வழக்குரைஞரானான். அவர்களின் பெண்மக்களும் பின்னர்ப் பள்ளிக்குச் சென்றனர். முதல் தலைமுறையில் ஒருவன் படித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எவரும் கட்டணம் செலுத்த வேண்டிய தேவை எழுவதில்லை. அவனே தன் பிள்ளைகளைப் படிக்கவைப்பான். தம்பியையும் அக்கா மகனையும் சேர்த்துக் கைதூக்கி விடுவான்.

1874இல் நிறுவப்பட்ட சிட்டகாங் மதரஸா காலப்போக்கில் கல்லூரியாக வளர்ந்து ஹாஜி முஹம்மது முஹ்ஸின் கல்லூரி என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. டாக்கா மதரஸாவின் வழிவந்த நிறுவனமும் இன்று அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளுள் ஒன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. இன்று இரு நாடுகளாகப் பிரிந்துவிட்ட வங்காளத்தின் இரு பகுதிகளிலும் அவர் பெயர் வாழ்கிறது. பிள்ளையில்லாத ஒரு முதியவர் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குத் தந்தையானார் என்பதைப் படைத்தவனே அறிவான்.

நாம் பெறும் படிப்பினை

ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றைப் பெருமைக்காகப் படித்து மூடிவைத்துவிடுவதால் பயனில்லை. நம் மஹல்லாவுக்கு இதிலிருந்து சில படிப்பினைகள் உள்ளன.

முதலாவது, கொடுப்பவர் தம் நோக்கத்தைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ஹாஜி முஹ்ஸினின் ஒன்பது பங்குகளில் பிள்ளைகளின் கல்விக்கென்று பெயரிட்ட தனிப் பங்கு இல்லை. அதனால் கல்விக்கான பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதைப் பிறர் முடிவு செய்தனர். அது உரியவர்களைச் சென்றடைய அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம்மில் எவரேனும் ஒரு கடையையோ, வீட்டையோ, ஒரு காணி நிலத்தையோ வக்ஃபு செய்வதாயின், அதன் வாடகை எதற்கு, எவருக்கு என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. நிர்வாகிகள் கணக்கைத் தாமே முன்வந்து காட்ட வேண்டும். உறுப்பினர்களும் அதனைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதலாகாது. முஹ்ஸின் வக்ஃபின் தொடக்க காலத்தில் அவ்வாறு கேட்க ஓர் ஜமாஅத் விழித்திருந்தால் அரசு தலையிட வேண்டிய தேவையே எழுந்திராது.

மூன்றாவது, உதவி பிள்ளையைத் தேடிச் செல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரும், நிர்வாகிகளின் அறிமுகம் உள்ளவரும் எளிதில் உதவி பெற்றுவிடுகின்றனர். விண்ணப்பம் எழுதத் தெரியாத விதவைத் தாய் வாசலுக்கே வருவதில்லை. நம் மஹல்லாவில் பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? எவ்வீட்டுப் பிள்ளை எவ்வகுப்பில் நின்றது? எக்காரணத்தால் நின்றது? கட்டணமா, கடனா, தந்தையின் நோயா? இப்பட்டியல் நம் அலுவலகத்தில் உள்ளதா? கல்யாணப் பதிவேட்டையும் ஜனாஸாப் பதிவேட்டையும் வைத்திருக்கும் நாம் இப்பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டாமா?

நான்காவது, பிள்ளையோடு குடும்பத்தையும் தாங்க வேண்டும். மகனின் கூலி நின்றால் அடுப்பு எரியாது என்னும் வீட்டில் கட்டணத்தை மட்டும் செலுத்துவதால் அப்பிள்ளை பள்ளிக்கு வந்துவிடாது. அவ்வீட்டுக்கு மாத அரிசியும், தாய்க்கு ஒரு தையல் இயந்திரமும், வட்டிக்கடனிலிருந்து விடுதலையும் சேர்த்தே வேண்டும். நான்கு வீட்டுக்குச் சிறிது சிறிதாகப் பகிர்வதைக் காட்டிலும், ஒரு வீட்டை முழுமையாகத் தூக்கி நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்வது சில வேளைகளில் மேலானதாக அமையும். இதனை நிர்வாகக் குழுவினரும் உறுப்பினர்களும் கலந்தாலோசிக்க வேண்டும்.

பள்ளிவாசலை அழகுபடுத்துவது நன்மையான காரியமே. அதனை எவரும் குறை கூறார். ஆனால் அப்பள்ளிவாசலின் முன் வரிசையில் நிற்க வேண்டிய அடுத்த தலைமுறை வறுமையால் சிதறிப் போகாமல் காப்பதும் அதற்குச் சற்றும் குறையாத நன்மையாகும். ஒருவர் இறந்த பின்னும் ஓயாமல் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியாவைப் பற்றி மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஹாஜி முஹ்ஸின் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் நிதியில் படித்த பிள்ளையின் பேரன் இன்று தன் பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பான். அந்த நன்மையின் கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

ஃபித்ரா வரிசையில் இன்று தாயின் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளை, வருங்காலத்தில் அதே பள்ளிவாசலில் ஃபித்ரா அரிசியைத் தன் கையால் அளந்து கொடுப்பவனாக நிற்க வேண்டும். அவனை அவ்விடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம் ஒவ்வொருவருடையதும் ஆகும்.

வல்ல நாயன் அல்லாஹ், ஹாஜி முஹம்மது முஹ்ஸின், அவர்தம் சகோதரி மன்னுஜான் கானம் ஆகியோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் அறக்கொடையை ஏற்றுக்கொள்வானாக! நம் செல்வத்தில் பரக்கத்தையும், நம் கணக்குகளில் நேர்மையையும், நம் மஹல்லாவின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.